விலை சொல்லும் முன் கணக்கைச் சொல்லுங்கள்: கோவை மாமன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மேயர் அவர்களுக்கும், நூறு வார்டுகளின் மாமன்ற உறுப்பினர்களுக்கும், மாநகராட்சி ஆணையர் அவர்களுக்கும் வணக்கம்.

பழைய மாநகராட்சி எல்லைக்குள் இருக்கும் 60 வார்டுகளுக்கான 24 மணி நேரக் குடிநீர்த் திட்டம், சூயஸ் என்ற தனியார் நிறுவனத்தோடு மாநகராட்சி செய்த ஒப்பந்தப்படி, பகுதி பகுதியாக வந்துகொண்டிருக்கிறது. புதுக் குழாய், புது மேல்நிலைத் தொட்டி, வீட்டு வாசலில் புது மீட்டர். மீட்டர் வந்த தெருக்களில் எல்லாம் அடுத்த கேள்வி, இனி பில் எவ்வளவு வரும் என்பதுதான். குடியிருப்போர் சங்கத்தில் இந்தப் பேச்சை எடுத்தால் பத்து நிமிடத்தில் குரல் உயர்ந்துவிடுகிறது. தண்ணீரைத் தனியாருக்கு விற்றுவிட்டார்கள் என்கிறார்கள் சிலர். சும்மா கொடுத்தால் கார் கழுவியே தீர்த்துவிடுவார்கள், விலை வைத்தால்தான் அருமை தெரியும் என்கிறார்கள் வேறு சிலர். இரண்டு தரப்பிலும் கோபம் இருக்கிறது, கணக்கு இல்லை. கணக்கு உங்களிடம்தான் இருக்கிறது.

அதைக் கேட்கத்தான் இந்த மடல். ஆயிரம் லிட்டர் தண்ணீர் சிறுவாணி அணையில் இருந்து நம் வீட்டுக் குழாய்க்கு வர என்ன செலவு? பில்லூர் அணையில் இருந்து வர என்ன செலவு? பவானி ஆற்றில் பம்ப் வைத்து ஏற்றிக் கொண்டுவர என்ன செலவு? வழியில் எவ்வளவு கசிகிறது? அணையில் சேமிக்க முடிந்தும் சேமிக்காமல் விட்டது எவ்வளவு? இந்த எண்களை ஊருக்கு முன்னால் வைத்துவிட்டு, அப்புறம் கட்டணத்தைப் பற்றிப் பேசுங்கள். விலை கொடுக்க மாட்டோம் என்று இந்த ஊரில் பெரும்பாலானவர்கள் சொல்லவில்லை. இருபது லிட்டர் கேனுக்கு 35 ரூபாய் கொடுக்கும் குடும்பம், ஆயிரம் லிட்டருக்கு 1,750 ரூபாய் கணக்கில் ஏற்கெனவே விலை கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறது. எதற்காகக் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்க வேண்டும் என்பதுதான் கேள்வி.

முதலில் சிறுவாணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்த ஊரின் தண்ணீர்க் கணக்கு அங்கிருந்துதான் தொடங்குகிறது.

சிறுவாணித் தண்ணீர் கோவைக்குத் தானாக வந்துவிடவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே சே. ப. நரசிம்மலு நாயுடு மேற்கு மலையின் தண்ணீரை நகருக்குக் கொண்டுவர வேண்டும் என்று பேசியும் எழுதியும் வந்தார். அது கைகூடப் பல ஆண்டுகள் ஆயின. நகராட்சித் தலைவராக இருந்த சி. எஸ். இரத்தினசபாபதி முதலியாரின் விடாமுயற்சியால்தான் இன்றைய கேரளத்தில் இருக்கும் முத்திக்குளம் மலையின் தண்ணீர் குழாயில் இறங்கியது. அவர் பெயரில்தான் ஆர். எஸ். புரம் இருக்கிறது. பின்னர் ஊர் பெருத்தது, பழைய தடுப்பணை போதவில்லை. 1973 ஆகஸ்டில் தமிழ்நாடும் கேரளமும் 99 ஆண்டுகளுக்கு ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. அணையைக் கேரளம் கட்டும், செலவைத் தமிழ்நாடு ஏற்கும், ஆண்டுக்கு 1.30 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி) வரை தண்ணீர் நமக்கு. 1984 வாக்கில் அணை முடிந்தது. பராமரிப்புக்கும் நாம்தான் பணம் கொடுத்துவருகிறோம்.

1.30 டி.எம்.சி.யை 365 நாளுக்குப் பிரித்தால் நாளொன்றுக்குச் சுமார் பத்துக் கோடி லிட்டர். அதுவும் மலையில் இருந்து சுரங்கம் வழியாகத் தன் எடையாலேயே இறங்கி வரும் தண்ணீர். ஆயிரம் லிட்டரை நூறு மீட்டர் உயரத்துக்கு ஏற்ற, பம்பின் திறனைப் பொறுத்து ஏறத்தாழ 0.4 யூனிட் மின்சாரம் வேண்டும். சிறுவாணித் தண்ணீரை அணையில் இருந்து அடிவாரத்துக்குக் கொண்டுவர அந்தச் செலவே இல்லை. நம் ஊருக்குக் கிடைப்பதிலேயே மலிவான தண்ணீர், ருசியான தண்ணீரும் அதுதான்.

இப்போது அந்த அணையில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். முழு நீர்மட்டம் கடல் மட்டத்தில் இருந்து 878.50 மீட்டர். அணைக்குள் தேங்கும் உயரமாகச் சொல்லும் உள்ளூர்ப் பேச்சில் ஐம்பது அடி. 2018 வெள்ளத்துக்குப் பிறகு கேரள நீர்ப்பாசனத் துறை 877 மீட்டரோடு நிறுத்திவிடுகிறது, அதாவது 45 அடி. அதற்கு மேல் வரும் தண்ணீர் மதகு வழியாக ஆற்றில் இறங்கிவிடுகிறது. இந்த ஒன்றரை மீட்டரால் குறைவது 122.05 மில்லியன் கன அடி, அணையின் மொத்தக் கொள்ளளவில் 19 சதவீதம். இது என் எண் இல்லை. 2022 ஜூனில் நம் முதலமைச்சர் கேரள முதலமைச்சருக்கு எழுதிய கடிதத்தில் இருக்கும் எண்.

அந்த 122 மில்லியன் கன அடியை லிட்டராக்கினால் 345 கோடி லிட்டர். சிறுவாணியில் இருந்து நாளொன்றுக்கு எடுக்க வேண்டிய முழு அளவான 10.14 கோடி லிட்டரில் இது 34 நாள் தண்ணீர். மழை ஓய்ந்த பிறகு அணையில் இருக்கும் இருப்புதான் கோடையில் நம்மைக் காப்பாற்றுகிறது. அந்த இருப்பில் ஒரு மாதத்துக்கும் மேலான தண்ணீரை மழைக்காலத்திலேயே இழந்துவிட்டு, ஏப்ரல் மே மாதங்களில் சிறுவாணி வற்றிவிட்டது, எனவே பில்லூர்த் தண்ணீரைத் திருப்பிவிடுகிறோம், இத்தனை நாளுக்கு ஒரு முறைதான் தண்ணீர் வரும் என்று அறிவிக்கிறோம். அந்த மாதங்களில் மேற்கு வார்டுகளில் நடு ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து குடம் பிடிக்கும் பெண்களுக்கு, அணையில் ஐந்து அடி காலியாக விடப்பட்ட கதை தெரியாது. யாரும் சொன்னதில்லை.

கேரளத்தின் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது, அதையும் சொல்லத்தான் வேண்டும். 2018-இல் அவர்கள் பட்டது கொஞ்சமா? அணையின் பாதுகாப்பைப் பற்றி அவர்கள் கவலைப்படுவதை யாரும் குறை சொல்ல முடியாது. கீழே அட்டப்பாடியில் சிறுவாணி ஆற்றையும் பவானியையும் நம்பிப் பழங்குடி ஊர்கள் இருக்கின்றன, அவர்களுக்கும் ஆற்றில் தண்ணீர் ஓட வேண்டும். ஆகவே ஐந்து அடியைக் கொடு என்று மேடையில் முழங்குவதில் பயனில்லை. அணை பலவீனமாக இருக்கிறது என்றால் எந்த இடத்தில், எவ்வளவு, சரிசெய்ய என்ன செலவு என்று இரு மாநிலப் பொறியாளர்களும் சேர்ந்து ஆய்வு செய்து அறிக்கை தரட்டும். பணம் நாம் கொடுக்க வேண்டியது. கொடுப்போம். ஒரு பேச்சுக்கு, அந்த 345 கோடி லிட்டரை வேறு இடத்தில் இருந்து கொண்டுவர ஆயிரம் லிட்டருக்குப் பத்து ரூபாய் கூடுதல் செலவு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு மூன்றரைக் கோடி ரூபாய். சில ஆண்டுகள் அந்தத் தொகையைச் சேர்த்தால் அணையைப் பலப்படுத்தும் பணிக்கு ஒரு நல்ல பங்கு தேறாதா? இந்தக் கணக்கை மாமன்றத்தில் யாராவது போட்டுப் பார்த்தீர்களா என்பதுதான் என் கேள்வி.

இது மாநில அரசின் வேலை, குடிநீர் வடிகால் வாரியத்தின் வேலை, மாநகராட்சிக்கு இதில் என்ன இருக்கிறது என்று நீங்கள் சொல்லலாம். சிறுவாணியையும் பில்லூரின் முதல் இரண்டு திட்டங்களையும் பராமரிப்பது வாரியம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தத் தண்ணீரை வாரியத்திடம் மொத்த விலைக்கு வாங்குவது நீங்கள். அதை எங்களுக்குச் சில்லறை விலைக்குக் கொடுப்பதும் நீங்கள். மலிவான சரக்கு குறைந்து விலை கூடின சரக்கு அதிகமானால் பில் ஏறுகிறது. அந்த ஏற்றத்தைக் கட்டப்போவது நாங்கள். அணையைப் பற்றிப் பேச உங்களுக்கு உரிமை இருக்கிறது, கடமையும் இருக்கிறது.

பில்லூர் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மின்சாரத்துக்காகக் கட்டிய அணை, நூறு அடி, உள்ளே வண்டல் சேர்ந்துகிடக்கிறது. மூன்றாவது திட்டத்தில் மேட்டுப்பாளையம் பக்கம் பவானியில் இருந்தே தண்ணீரை எடுத்து, சுத்திகரித்து, பம்ப் செய்து, கட்டன் மலைச் சுரங்கம் வழியாகப் பன்னிமடைக்குக் கொண்டுவருகிறோம். கிட்டத்தட்ட 780 கோடி ரூபாய்த் திட்டம். ஊர் வளர்ந்த வேகத்துக்கு அது வேண்டியதுதான். ஆனால் அதன் மின் கட்டணம் மாதா மாதம் வரும், மின் கட்டணம் ஏறும்போதெல்லாம் தண்ணீர்ச் செலவும் ஏறும். கீழே பவானிசாகர் பாசன விவசாயிகளும் ஒவ்வொரு சொட்டையும் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். பவானியில் இருந்து இனியும் இனியும் எடுத்துக்கொண்டே போக முடியாது.

அப்படியானால் நம் காலடியிலேயே தண்ணீர் தேங்க எங்கே இடம் இருக்கிறது? குளங்களில் இருக்கிறது. நொய்யலின் தடுப்பணைகளில் இருந்து வாய்க்கால் வழியாகக் குளம் நிறைந்து, ஒரு குளத்தின் மிகை அடுத்த குளத்துக்குப் போகும்படி முன்னோர் அமைத்த வரிசை இன்னும் கண் முன்னே இருக்கிறது. கிருஷ்ணாம்பதி, செல்வம்பதி, குமாரசாமி குளம், செல்வசிந்தாமணி, உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம், குறிச்சி, சிங்காநல்லூர். சீர்மிகு நகரத் திட்டத்தில் இவற்றில் பலவற்றின் கரையில் நடைபாதையும் விளக்கும் வந்தன. மாலையில் குடும்பம் குடும்பமாக மக்கள் வந்து உட்காருகிறார்கள், எனக்கும் அது சந்தோஷம்தான். ஆனால் குளத்துக்குள் சாக்கடை கலந்துகொண்டிருக்கும் வரை அது சேமிப்பாகாது. இந்தக் குளங்களைக் குடிநீருக்காகக் கேட்கவில்லை. குளம் நல்ல தண்ணீரால் நிறைந்தால் சுற்று வட்டாரத்தில் போர்வெல் ஊறும். போர்வெல் ஊறினால் துவைக்க, கழுவ உப்புத் தண்ணீர் தாராளமாகக் கிடைக்கும். அப்போது நல்ல தண்ணீரை மிச்சப்படுத்த யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியிருக்காது. கோவைக்காரர் வீட்டில் நல்ல தண்ணிக்கு ஒரு குழாய், உப்புத் தண்ணிக்கு ஒரு குழாய் என்று வைத்துப் பழகியவர்கள். குளத்தை நிறைப்பதும் தண்ணீர்த் திட்டம்தான் என்பதை மாநில அரசே ஏற்றுக்கொண்டிருக்கிறது. 2024 ஆகஸ்டில் தொடங்கிவைத்த அத்திக்கடவு–அவிநாசித் திட்டத்தில் 1,045 குளம் குட்டைகளுக்கு ஒன்றரை டி.எம்.சி. தண்ணீர் கொண்டுபோக 1,900 கோடி ரூபாய்க்கு மேல் செலவழித்தோம். நம் நகரத்துக் குளங்களுக்கு அவ்வளவு வேண்டாம். வரும் வாய்க்காலைத் தூர்வாரி, சாக்கடையைப் பிரித்தாலே போதும்.

இனி கட்டணத்துக்கு வருகிறேன்.

மீட்டருக்கு நான் எதிரி இல்லை. 24 மணி நேரமும் அழுத்தத்தோடு தண்ணீர் இருந்தால் குழாய்க்குள் சாக்கடை உறிஞ்சப்படுவது நிற்கும், வீட்டுக்கு வீடு மோட்டார் போட்டு உறிஞ்சுவதும் நிற்கும். நிஜமாகவே 24 மணி நேரமும் வந்தால் மீட்டர் நியாயமாக ஓடும். விட்டு விட்டு வந்தால் முதலில் குழாயில் இருக்கும் காற்றுதான் தள்ளிக்கொண்டு வரும், காற்றுக்கும் மீட்டர் சுற்றும். ஆகவே ஒரு பகுதியில் தொடர்ந்து சில மாதங்கள் இடைவிடாமல் தண்ணீர் வந்ததாகப் பதிவான பிறகுதான் அங்கே மீட்டர் கணக்கில் பில் போட வேண்டும். இது சின்ன நிபந்தனைதான், ஆனால் மக்களின் நம்பிக்கை இதில்தான் இருக்கிறது.

அடுத்தது அடுக்குக் கட்டணம். அதிகம் செலவழிப்பவருக்கு அதிக விலை என்பது கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் நம் ஊரின் லைன் வீடுகளுக்குள் போய்ப் பாருங்கள்.

சிங்காநல்லூர்ப் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு லைன் வீடு. நீளமான ஒரு வாசல், ஒரு பக்கம் வரிசையாக ஆறு கதவு. மில் ஓடிய காலத்தில் கட்டியது. இப்போது ஒர்க்‌ஷாப்பிலும் பவுண்டரியிலும் வேலை பார்க்கிறவர்கள், வீட்டு வேலைக்குப் போகிற பெண்கள், வடக்கே இருந்து வந்த இரண்டு குடும்பம் என்று இருக்கிறார்கள். வாசல் முடிவில் ஒரு சிமெண்ட் தொட்டி, அதற்கு ஒரே ஒரு குழாய். ஒவ்வொரு கதவுக்கு முன்னாலும் ஒரு நீல டிரம். யார் டிரம் என்று குழப்பம் வராமல் இருக்க மூடியில் பெயிண்டால் எழுத்துப் போட்டிருக்கிறார்கள். மின்சாரத்துக்கு வீட்டுக்காரர் ஒவ்வொரு கதவுக்கும் ஒரு சப் மீட்டர் வைத்திருக்கிறார். தண்ணீருக்கு அப்படி ஒன்றும் இல்லை, வாடகையோடு ஆளுக்கு இவ்வளவு என்று கை கணக்குதான். விருந்தாளி வந்தால் அதற்கும் ஒரு முணுமுணுப்பு.

நகர்ப்புறத்துக்கு நம் நாட்டில் வகுத்த அளவு ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர். நான்கு பேர் குடும்பத்துக்கு மாதம் 16,200 லிட்டர். ஆறு குடும்பத்துக்கு 97,200 லிட்டர். இது மொத்தமும் ஒரே மீட்டரில் ஓடும். மாநகராட்சியின் கணினிக்கு அது ஒரு இணைப்பு, மாதம் 97,000 லிட்டர் குடிக்கும் ஒரு வீடு. ரேஸ்கோர்ஸில் புல்தரைக்கும் தொட்டிக்கும் தண்ணீர் ஊற்றும் பங்களாகூட அந்த அளவைத் தொடாது. அடுக்குக் கட்டணம் போட்டால் மேல் அடுக்கு விலை லைன் வீட்டுக்குப் போகும், கீழ் அடுக்குச் சலுகை இரண்டு பேர் மட்டும் இருக்கும் தனி வீட்டுக்குப் போகும். வீட்டுக்காரர் அந்த பில்லை ஆறாகப் பிரித்து வாடகையில் ஏற்றுவார். யாரைக் காப்பாற்ற அடுக்கு வைத்தோமோ அவர்களே அதிகம் கட்டுவார்கள்.

இதைத் தவிர்க்க வழி கஷ்டமானதில்லை. அடுக்கை இணைப்புக்கு என்று வைக்காமல் குடும்பத்துக்கு என்று வையுங்கள். ஓர் இணைப்பில் எத்தனை குடும்பம் இருக்கிறதோ, கீழ் அடுக்கின் அளவை அத்தனையால் பெருக்குங்கள். கீழ் அடுக்கில் மாதம் 16,000 லிட்டர் வரை ஒரு குடும்பத்துக்குக் கை கடிக்காத விலையில் கொடுங்கள். தில்லியில் 2015 முதல் மீட்டர் உள்ள வீடுகளுக்கு மாதம் 20,000 லிட்டர் வரை இலவசமாகவே கொடுக்கிறார்கள். தென்னாப்பிரிக்காவில் குடும்பத்துக்கு மாதம் 6,000 லிட்டர் இலவசம் என்று 2001-இலேயே கொள்கை வகுத்தார்கள். முழு இலவசம் நம் ஊருக்குச் சரிப்படுமா என்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. பராமரிப்புக்குப் பணம் வேண்டும், சொத்து வரி 2022-இல் ஏறிய ஏற்றத்தையும் மக்கள் இன்னும் மறக்கவில்லை. ஆனால் குடிக்க, சமைக்க, குளிக்க வேண்டிய தண்ணீருக்கு ஒரு தாய் யோசித்து யோசித்துக் குழாயைத் திறக்கும் நிலை வரக் கூடாது. அதே போல, புது இணைப்பு வந்துவிட்டது என்று பொதுக்குழாய்களைப் பிடுங்காதீர்கள். வைப்புத் தொகை கட்டி இணைப்பு வாங்க முடியாத குடும்பம் எந்த வார்டில் இல்லை?

சரி, அப்படியானால் பணம் எங்கிருந்து வரும் என்று கேட்பீர்கள். பக்கத்து ஊர் திருப்பூரைப் பாருங்கள். தனியார் பங்கேற்போடு நாட்டிலேயே முதன்முதலாகப் பெரிய அளவில் செய்த தண்ணீர்த் திட்டம் அது. ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல் செலவு, நாளொன்றுக்கு பதினெட்டரைக் கோடி லிட்டர். தொடக்கத்தில் ஆயிரம் லிட்டருக்குச் சாயப்பட்டறைகளுக்கு 45 ரூபாய், நகராட்சிக்கு 5 ரூபாய், வழியோரக் கிராமங்களுக்கு 3.50 ரூபாய் என்று விலை வைத்தார்கள். தொழிலுக்கு ஒரு விலை, வீட்டுக்கு ஒரு விலை என்பது நம் மண்ணிலேயே நடந்த விஷயம். அதில் இன்னொரு பாடமும் உண்டு. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடியபோது, காசு கொடுக்கும் வாடிக்கையாளர் ஒரே நாளில் இல்லாமல் போய்விட்டார். ஒரே ஒரு தொழிலின் தோளில் மொத்தச் சுமையையும் ஏற்றக் கூடாது. கோவையில் அந்தச் சிக்கல் இல்லை. ஓட்டல், மருத்துவமனை, வணிக வளாகம், கல்லூரி, ஐ.டி. நிறுவனம் என்று பல வகை இருக்கிறது. அவர்களுக்கு உண்மையான அடக்க விலைக்கு மேல் வையுங்கள், நாங்கள் யாரும் எதிர்க்க மாட்டோம்.

விலையை எப்படி ஏற்றக் கூடாது என்பதற்கு ஒரு தூரத்து ஊரின் கதையும் இருக்கிறது. பொலிவியாவில் கோச்சபாம்பா. 1999-இல் அந்த ஊரின் தண்ணீரை ஒரு தனியார் கூட்டு நிறுவனத்திடம் நாற்பது ஆண்டுகளுக்குக் கொடுத்தார்கள். மிசிகூனி என்ற அணைத் திட்டத்தின் செலவும் அந்த ஒப்பந்தத்தோடு சேர்ந்தது. அணையில் இருந்து ஒரு சொட்டு வருவதற்கு முன்னாலேயே பில் ஏறியது, சில வீடுகளுக்கு இரட்டிப்பாகவே ஆனது. 2000-ஆம் ஆண்டு ஏப்ரல் வரை தெருவில் போராட்டம், அவசர நிலைப் பிரகடனம், பதினேழு வயதுப் பையன் ஒருவன் துப்பாக்கிச் சூட்டில் செத்தான், ஒப்பந்தம் ரத்தானது. அங்கே மக்கள் அணை வேண்டாம் என்று போராடவில்லை. வராத தண்ணீருக்கு முன்கூட்டியே பணம் கேட்டதையும், யாரையும் கேட்காமல் விலை வைத்ததையும்தான் எதிர்த்தார்கள்.

கோவையின் ஒப்பந்தத்தை அதோடு சமமாக வைத்து நான் பேசவில்லை. இங்கே கட்டணத்தை முடிவு செய்வது மாமன்றம்தான், சூயஸ் நிறுவனம் இல்லை என்று பல முறை சொல்லியிருக்கிறீர்கள். நம்புகிறேன். ஆனால் 2018 ஜனவரியில் கையெழுத்தான அந்த ஒப்பந்தம் 26 ஆண்டுகளுக்கானது, மதிப்பு 40 கோடி யூரோ, நம் பணத்தில் 3,000 கோடி ரூபாய்க்கும் மேல். அதை அன்றைக்கு எதிர்த்துத் தெருவில் நின்ற கட்சிகளின் உறுப்பினர்கள் பலர் இன்றைக்கு மாமன்றத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களிடம் உரிமையோடு கேட்கிறேன். நிறுவனத்துக்கு ஆண்டுதோறும் நாம் கொடுக்க வேண்டிய தொகை எவ்வளவு? விலைவாசி ஏறினால் அது எந்தச் சூத்திரப்படி ஏறும்? சொன்னபடி 24 மணி நேரமும் தண்ணீர் வராவிட்டால் அபராதம் என்ன? அணையில் தண்ணீரே இல்லாத ஆண்டில் அந்த அபராதத்தை யார் யாருக்குக் கட்டுவார்கள்? கடைசிக் கேள்விதான் எனக்கு மிகவும் கவலை தருகிறது. குழாயை எவ்வளவு நேர்த்தியாகப் போட்டாலும், சிறுவாணியில் ஐந்து அடி குறைந்தால் குழாய்க்குள் ஓடத் தண்ணீர் வேண்டுமே. மூலத்தில் தண்ணீர் இல்லை என்று கையை விரிக்க ஒப்பந்தத்தில் இடம் இருந்தால், ஆபத்து முழுவதும் நம் தலையில்தான்.

ஒப்பந்தத்தின் முக்கிய விதிகளைத் தமிழில் சுருக்கி ஒவ்வொரு வார்டு அலுவலகத்திலும் ஒட்டுங்கள். ஆங்கிலத்தில் நூற்றுக்கணக்கான பக்கமாக எங்கோ இருப்பதால் லைன் வீட்டுக்காரருக்கு என்ன பிரயோஜனம்? 2022-இல் வார்டு குழுவும் பகுதி சபையும் அமைக்கச் சட்ட விதி வந்துவிட்டது. தெருவிளக்கும் குப்பை வண்டியும் மட்டும் அங்கே பேசினால் போதாது. தண்ணீர்க் கட்டண வரைவை அங்கே வைத்துப் பேசி, வரும் கருத்தைப் பதிவு செய்து, அதோடு மன்றத்துக்கு வாருங்கள்.

வசூலாகும் பணத்தில் ஒரு பங்கைச் சேமிப்புக்கென்று தனியாக எடுத்து வைக்கவும் தீர்மானம் வேண்டும். சிறுவாணி அணைப் பராமரிப்பில் நம் பங்கு, வாய்க்கால் தூர்வாருதல், குளத்தில் சாக்கடை கலப்பதைத் தடுத்தல், இவற்றுக்கு மட்டும். மாநகராட்சியின் பொதுக் கணக்கில் கரைந்துவிடாமல் தனிக் கணக்காக இருக்கட்டும், ஆண்டுக்கு ஒரு முறை வரவு செலவை வெளியிடுங்கள். நான் கட்டும் பில்லில் இவ்வளவு ரூபாய் வாலாங்குளத்துக்குப் போனது என்று தெரிந்தால் முகம் சுளிக்காமல் கட்டுவேன், என் தெருவில் பெரும்பாலானோர் அப்படித்தான் சொல்கிறார்கள்.

முதல் வேலையாக ஒன்றைச் செய்யுங்கள். சொத்து வரிக்காக அரையாண்டுக்கு ஒரு முறை வீடு வீடாகப் போகும் பில் கலெக்டர்கள் இருக்கிறார்கள். எந்த வாசலில் எத்தனை கதவு என்பது அவர்களுக்கு மனப்பாடம். அடுத்த சுற்றில், ஓர் இணைப்பை எத்தனை குடும்பம் பகிர்ந்துகொள்கிறது என்று ஒரே ஒரு கட்டத்தைக் கூடுதலாக நிரப்பச் சொல்லுங்கள். கூடவே, சிறுவாணி, பில்லூர், பவானி என்று ஆதாரவாரியான அடக்க விலையை வாரியத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இந்த இரண்டு பட்டியலும் மாமன்றத்தின் மேசைக்கு வந்த பிறகு கட்டணத் தீர்மானத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதுவரை அதை நிறுத்தி வையுங்கள்.

இப்படிக்கு,
தண்ணீர் வரி தவறாமல் கட்டிவரும்
கோவைவாசி ஒருத்தி